மேசையின் மினுக்கமும் எண்ணெய்த் துணியும்

பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு லின்சீட் எண்ணெய் பூசுகிறோம். காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்குது. பல்ப் வெளிச்சம் அதில் பட்டுப் பிள்ளைக்குக் கண் கூசுது. காரணம் என்ன? மரம் குடித்தது போக மிச்ச எண்ணெயைத் துடைக்காமல் விட்டதுதான். அது மேலே படலமாகக் காய்ந்துவிடுகிறது.

இதற்காக மேசையைத் திரும்பச் சீவத் தேவையில்லை. வேலையை அடுப்படியில் செய்யாமல் இஸ்தோப்பில் வைத்துச் செய்யுங்கள்.

1. தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயும்வரை சில நாள் விடுங்கள். மழைக் குளிரில் இன்னும் நாள் எடுக்கும்.

2. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய 400ஆம் நம்பர் சாண்ட் பேப்பர் வாங்குங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக மெதுவாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

3. ஈரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். மினுக்கம் மிச்சமுள்ள இடத்தை மட்டும் மறுபடி தேயுங்கள்.

4. திரும்ப எண்ணெய் பூசுவதென்றால் மெல்லிசாகப் பூசி, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. யாரும் நெருப்பு வைக்காமலே சில மணித்தியாலத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் பக்கத்துக் காம்பராவும் தப்பாது.

ஆகவே துணியை உடனே தண்ணீரில் முக்குங்கள். பிறகு வெளியே, விறகுக்குத் தூரமாக, ஒற்றையாக விரித்துப் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.