அந்த ஃப்யூஸைப் பிடுங்காதீர்கள்

நாலு தூறல் விழுந்தால் போதும், வட சென்னையின் புளியந்தோப்பு நெடுஞ்சாலையிலும் டிமெல்லோஸ் சாலையிலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. "மழையில ஏபிஎஸ் பிரேக்கைப் புடிக்க வுடாதுண்ணே. நாம புடிச்சா அது வுட்டுடும். ஃப்யூஸைப் புடுங்கிப் போடு, வண்டி நச்சுன்னு நிக்கும்." சொல்கிறவர் மெக்கானிக். கேட்கிறவர் 150 சிசி பைக்கைத் தவணையில் வாங்கியவர். காசு செலவில்லாத யோசனை என்பதால் அப்போதே நிறைவேறிவிடுகிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு ஓயாமல் எரியும். அதை மறைக்க ஒரு ஸ்டிக்கர். பிரேக் வேலையே பிழைப்பாக உள்ள எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ், பிரேக்கை விடுகிறது என்பது மெய்தான். ஏன் விடுகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் வயிற்றெரிச்சல். டயர் சாலையை விடத் தொடங்கிவிட்டது, அதனால் விடுகிறது.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையம் ஒன்று டிஸ்க் பக்கத்தில் இருக்கும். அதன் எதிரே விரல் நுனி அளவில் ஒரு சென்சார். பற்கள் கடக்கும் வேகத்தை அது கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக் போட்டதும் சக்கரம் படிப்படியாக மெதுவானால் ஏபிஎஸ் தலையிடாது. ஓடுகிற வண்டி அவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கவே முடியாது என்னும் அளவுக்குச் சக்கரத்தின் சுழற்சி சட்டென்று சரிந்தால், அது இறுகிப்போகப் போகிறது என்று அர்த்தம். உடனே ஒரு வால்வு மூடி, பிரேக் ஆயிலின் அழுத்தம் மேலும் ஏறாமல் நிறுத்துகிறது. அதுவும் போதாவிட்டால் இன்னொரு வால்வு திறந்து அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றுகிறது. சக்கரம் மறுபடி உருண்டதும் அழுத்தம் திரும்ப ஏறுகிறது. ஒரே நொடிக்குள் இது பல தடவை நடந்துவிடும். பிரேக் லீவரில் விரலுக்குத் தட்டும் அந்தத் துடிப்பு கோளாறில்லை, வால்வுகள் வேலை செய்வதன் அடையாளம்.

சக்கரத்தை ஏன் உருளவிட வேண்டும்? ஈரத் தரையில் ஊன்றி நடக்கும் கால் நிற்கும். சறுக்கத் தொடங்கிய கால் நிற்காது. டயரும் அப்படித்தான். தார்ச் சாலையில், வண்டியின் வேகத்தைவிடச் சக்கரத்தின் வேகம் 10 முதல் 20 சதவீதம் வரை குறைவாக இருக்கும்போதுதான் டயருக்குப் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். முழுக்க இறுகிய டயர் அந்த உச்சத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டிருக்கிறது. அதைவிட மோசம், இறுகிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். காரானால் நேராகச் சறுக்கிப் போகும். பைக்கில் முன்சக்கரம் இறுகினால் ஒரு நொடிக்குள் ஆளும் வண்டியும் தரையில். "நச்சுன்னு நிக்கும்" என்கிறார்களே, விழுவதைத்தான் நிற்பது என்கிறார்கள்.

அதுவும் எந்த ஊரில் இந்த யோசனை? துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் டீசல் சொட்டிய தார், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூள், பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு. முதல் மழையில் டீசலும் தூளும் சேர்ந்து பசையாகும். ஏபிஎஸ் கட்டாயம் வேண்டிய சாலைகள் என்று பட்டியல் போட்டால் நம் சாலைகள்தான் முதலில் வரும்.

இது நேற்று வந்த கம்பெனி விளம்பரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. விமானச் சக்கரங்களுக்காக டன்லப் செய்த மேக்ஸரெட் என்ற ஏபிஎஸ் கருவியை, 1958-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தது. அந்த வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். சக்கரம் இறுகி நிற்பதோடு ஒப்பிட்டபோது பெரும்பாலான சோதனைகளில் நிற்கும் தூரம் குறைந்தது. வழுக்கும் தரையில் 30 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் என்ஃபீல்டின் தொழில்நுட்பத் தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை, கருவி கிடப்பில் போனது. திருவொற்றியூரில் புல்லட் செய்வதற்கான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-லேயே உருவாகிவிட்டிருந்தது. நம் ஊரில் செய்த அந்த வண்டிக் குடும்பத்துக்கு இந்தியாவில் ஏபிஎஸ் வந்து சேர்ந்தது 2018-ல், அறுபது வருடம் கழித்து. அதற்குள் ஓசூர் டிவிஎஸ் முந்திக்கொண்டு 2011-லேயே அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல் அதைக் கொடுத்துவிட்டது.

வதந்தி எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பள்ளத்தில் குதிக்கும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி இறுகப் பார்க்கும். ஏபிஎஸ் விடுவிக்கும். வண்டி முன்னால் நழுவுவதுபோல் இருக்கும். கொட்டிக் கிடக்கும் மணலிலும் ஜல்லியிலும், இறுகிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு சற்று முன்னதாகவே நிற்கலாம். அங்கே ஏபிஎஸ் வண்டிக்குக் கூடுதல் தூரம் பிடிக்கலாம். இதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது காரணம்தான் அதிகம். நம் பைக்குகளில் பலவற்றில் இருப்பது ஒற்றைச் சேனல் ஏபிஎஸ், அது முன்சக்கரத்தை மட்டும் காக்கும். ஓட்டுபவர் பழக்கத்தில் காலால் பின்பிரேக்கை மிதிக்கிறார், பின்சக்கரம் சறுக்குகிறது, பழி ஏபிஎஸ் மேல் விழுகிறது. தான் இல்லாத சக்கரத்தில் வேலை செய்யவில்லை என்று அதைப் பிடுங்கி எறிவது என்ன நியாயம்?

இதோடு ஒட்டி வரும் மற்ற பேச்சுகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். முன்பிரேக் பிடித்தால் தூக்கிப் போடும் என்கிறார்கள். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையதே; இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். விட்டு விட்டுப் பிடி என்பது பழைய லாரிப் பாடம், ஏபிஎஸ் வண்டியில் அழுத்தியபடியே இருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தால் பிரேக்கே இல்லை என்று பயப்படுவதும் தப்பு. பிரேக் இருக்கும், காவல் மட்டும் இருக்காது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று விரட்டுகிறவர்களுக்கு: 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரத்தைப்போல இரண்டேகால் மடங்கு தூரம் 60-ல் வேண்டும். மொட்டை டயருக்கு எந்தக் கருவியும் பிடிப்பைக் கொடுக்காது.

ட்ரெய்லர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கனரக லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் 2015-லிருந்து ஏபிஎஸ் கட்டாயம். காற்றைத் தின்கிறது என்று அதன் ஒயரைக் கழற்றிவிட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டினால், காலி வண்டியின் சக்கரங்கள்தான் முதலில் இறுகும். இழுக்கும் தலை ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் என்று மடங்கும்போது நடுவில் சிக்குவது பெரும்பாலும் ஒரு இருசக்கர வண்டி.

கடைசியாக, சிபிஎஸ்ஸும் ஏபிஎஸ்ஸும் ஒன்றுதான் என்று ஷோரூமிலேயே சொல்லி விற்கிறார்கள். ஒன்றில்லை. சிபிஎஸ் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும். சக்கரம் இறுகுவதை அதனால் தடுக்க முடியாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி-க்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஏபிஎஸ், 125 சிசி வரை உள்ளவற்றுக்கு சிபிஎஸ் போதும் என்று விதி பிரித்தது. இந்தக் கோட்டை யார் யாருக்கு இடையில் போட்டார்கள் என்று பாருங்கள். விடியற்காலை ஆட்டுத்தொட்டியிலிருந்து கறி ஏற்றிப் போகிறவர், காசிமேட்டிலிருந்து மீன் கூடை கட்டிப் போகிற அக்கா, சாப்பாடு டெலிவரி பையன்கள், இவர்கள் கையில் இருப்பதெல்லாம் 100 சிசி, 110 சிசி, மொபெட். எடையும் அவர்கள்தான் ஏற்றுகிறார்கள், மழையிலும் அவர்கள்தான் நிற்காமல் ஓடுகிறார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

2026 ஜனவரி முதல் இன்ஜின் அளவு பார்க்காமல் இருசக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூனில் ஒரு வரைவு விதி வெளியிட்டது. விலை ஏறும் என்பது தயாரிப்பாளர்களின் ஆட்சேபம். ஏறட்டும். முன்னால் ஒரு டிஸ்க், ஒற்றைச் சேனல் ஏபிஎஸ், இது மொபெட்டுக்கும் வேண்டும். தொகையைத் தவணையில் சேர்த்துவிடலாம். ஏபிஎஸ் இருக்கிறவர்கள் பிடுங்கிய ஃப்யூஸை இன்றைக்கே திரும்பப் போடுங்கள், சக்கரத்தின் பல் வளையத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிடுங்கள், பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஆளில்லாத நேரத்தில், காய்ந்த சாலையில், மெதுவான வேகத்தில் ஒரு தடவை முழுக்க அழுத்திப் பார்த்து அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.