வீடு ஒன்று, பெயிண்ட் இரண்டு

கேள்வி: 2009-ல் கட்டிய மாடி வீடு எங்களுடையது. கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். தை மாதம் மகனுக்குக் கல்யாணம். அதற்குள் வீடு முழுக்க பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்டர், "உள்ளயும் வெளியயும் உசந்த சரக்கே போட்ருங்கம்மா, பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேணாம்" என்கிறார். கொழுந்தனாரோ, "கம்பெனி ஒண்ணுதான் மதினி, டப்பாதான் வேற. விலை கம்மியானதை அடிச்சுட்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திக்கலாம்" என்கிறார். கடையில் கேட்டால் விலை இரண்டு மடங்கு வித்தியாசப்படுகிறது. வீட்டுக்கு மேற்கே தென்னந்தோப்பு. அந்தப் பக்கச் சுவர் மட்டும் கறுத்து, பாசி பிடித்து, உரிந்து கிடக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: இரண்டு பேருமே உங்கள் வீட்டை ஒரே சுவராக நினைத்துப் பேசுகிறார்கள். நீங்கள்தான் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்: கெட்டது மேற்குச் சுவர் மட்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று சாரலை மேலிருந்து பெய்ய விடாமல் பக்கவாட்டில் சுவர்மீது வீசும். கூரைச் சரிவும் சன்சேடும் அதைத் தடுக்காது. கூடவே தென்னை நிழல் வெயிலை மறைப்பதால் நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்த சாரல் வந்துவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் வாசல் பக்கச் சுவர் இந்தப் பாட்டைப் படுவதில்லை. ஆண்டிபட்டி பக்கம் இதே வீட்டைக் கட்டியிருந்தால் சாரலைவிட வெயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

டப்பாதான் வேறு என்பது சரியில்லை. எமல்ஷன் பெயிண்டில் முக்கியமானவை மூன்று. சுவரை மறைக்கிற வெள்ளை நிறமி, எல்லாவற்றையும் சுவரோடு ஒட்ட வைக்கிற அக்ரிலிக் பசை, அளவைக் கூட்டுகிற சுண்ணாம்புக்கல் பொடி, களிமண் வகையறா. நிறமி என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் பக்கத்துச் சவறையிலும் கடற்கரையில் அள்ளுகிற கருமணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். நிறமியும் பசையும் விலை கூடியவை, கல்பொடி மலிவு. விலை குறைந்த பெயிண்டில் கல்பொடி கூடுதலாகவும் பசை குறைவாகவும் இருக்கும். வெளிச்சுவருக்கான உயர்ந்த ரகத்தில் பாசி, பூசணத்தைத் தடுக்கும் மருந்தும் தாராளமாகச் சேர்த்திருப்பார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த வெளிச்சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் பசை செத்துவிட்டது, பொடி மட்டும்தான் மிச்சம் என்று பொருள்.

இனி கணக்கு. மேற்குச் சுவர் 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மலிவு ரகம் லிட்டருக்கு இரண்டு கோட்டில் 45 சதுர அடி ஓடும், லிட்டர் 240 ரூபாய் என்றால் 14 லிட்டர், 3,360 ரூபாய். உயர்ந்த ரகம் 55 சதுர அடி ஓடும், லிட்டர் 480 ரூபாய் என்றால் 11 லிட்டர், 5,280 ரூபாய். லிட்டர் விலை இரட்டிப்பு, ஆனால் சுவருக்கு ஆகும் செலவு இரட்டிப்பு இல்லை. இதோடு சுரண்டுவது, சாரம் கட்டுவது, அடிப்பது எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 12 ரூபாய் கூலி என்றால் 7,200. மொத்தத்தில் மலிவுக்கு 10,560, உயர்ந்ததற்கு 12,480. இந்த விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையையும் பெயிண்டர் கூலியையும் போட்டுப் பாருங்கள், கதை பெரிதாக மாறாது. எந்த டப்பாவாக இருந்தாலும் கூலி ஒன்றுதான். கொழுந்தனார் சொல்கிற மாதிரி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒவ்வொரு முறையும் சாரமும் கூலியும் முழுசாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆகவே மேற்குச் சுவருக்கும், காற்று நேரே அடித்தால் தெற்குச் சுவருக்கும், உயர்ந்த ரகம். சன்சேடு நிழலில் இருக்கும் மற்ற இரண்டு பக்கத்துக்கும் நடுத்தர ரகம் போதும். நிறம் மாறாமலிருக்க ஒரே ஷேடு நம்பரைக் கொடுத்து மிஷினில் கலக்கச் சொல்லுங்கள். ரகம் வேறாக இருப்பதால் சின்ன வித்தியாசம் தெரியலாம், மூலையில் முடித்துக்கொண்டால் கண்ணுக்குப் படாது.

உள்ளே போனால் நான் பெயிண்டர் கட்சியை விட்டுவிடுவேன். மேல்தளத்தை யாரும் தொடப்போவதில்லை, துடைக்கப்போவதும் இல்லை. அங்கே மலிவு எமல்ஷனே அடியுங்கள். வாடகை வீட்டுக்கும் அதுதான்: குடியிருப்பவர் மாறும்போது எப்படியும் ஒரு கோட் அடிக்கத்தான் போகிறீர்கள். ஹால், மாடிப்படி, சமையலறை, சுவிட்ச் போர்டு சுற்றிய சுவர் இவற்றுக்குத் துடைத்தால் கறை போகிற நடுத்தர ரகம். பளபளக்கிற ஆடம்பர ரகம் உங்களுக்கு வேண்டாம் என்பேன். 2009-ல் பூசிய சுவரில் மேடு பள்ளம் இருக்கும். பளபளப்பு அதையெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்துக் காட்டும். முழுச் சுவரும் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்தத் தயாராக இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

அந்தப் பத்து வருஷப் பேச்சு. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் பெரும்பாலும் வாரண்டி செல்லாது. உங்கள் சுவர் உரிவது பெயிண்டால் மட்டும்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சியில் விரிசல், சன்சேடு சுவரோடு சேரும் இடம், குழாய் நுழையும் ஓட்டை, இந்த மூன்றிலும் தண்ணீர் இறங்கும். அதை அடைக்காமல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் உள்ளிருந்து வரும் ஈரம் தள்ளி உரித்துவிடும். பாசியைச் சுரண்டினால் மட்டும் போதாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் பெயிண்ட். வெளிச்சுவரில் பட்டி வேண்டுமென்றால் வெள்ளை சிமென்ட் பட்டி மட்டும். உள்ளுக்கான அக்ரிலிக் பட்டி மழையில் ஊறி உப்பும்.

காலம்தான் உங்களுக்கு இடிக்கிறது. நம் ஊரில் எல்லோரும் பொங்கலுக்கு முன்னால்தான் அடிக்கிறார்கள். வெளிச்சுவருக்கு அதைவிடத் தப்பான நேரம் கிடையாது. கார்த்திகை வரை மழை குடித்த சுவர், மார்கழிப் பனி. கல்யாணத்துக்கு உள்பக்கத்தையும் வாசல் பக்கத்தையும் இப்போது முடித்துக்கொள்ளுங்கள். வாசல் சுவரைப் பனி காய்ந்தபின் ஆரம்பித்து வெயில் தாழ்வதற்குள் நிறுத்திவிட வேண்டும். தென்னந்தோப்புப் பக்கம் எந்தச் சம்பந்தியும் போய் நின்று பார்க்கப்போவதில்லை. அதை மாசி, பங்குனியில் சுவர் காய்ந்தபின், வீரபாண்டித் திருவிழாவுக்குள் முடியுங்கள்.

பக்கெட்டை நீங்களே கடையில் வாங்கி, உங்கள் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். உயர்ந்த ரகத்தைப் பெயிண்டர்கள் சிபாரிசு செய்வதற்குப் பக்கெட்டோடு அவர்களுக்கு வரும் டோக்கனும் ஒரு காரணம். அதில் தப்பில்லை, வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் தண்ணீர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருப்பதை அளவு மக்கில் ஊற்றச் சொல்லுங்கள். கண்ணளவில் தண்ணீர் ஊற்றினால் 480 ரூபாய்ப் பெயிண்டை 240 ரூபாய்ப் பெயிண்டாக்கிவிடலாம்.

கேள்வி: போன மாதம்தான் சுவர்ப்பூச்சு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு இருபது நாள் இருக்கிறது. முதல் பெயிண்டே உயர்ந்த ரகமாக அடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: வேண்டாம் தம்பி. புதுச் சிமென்ட் பூச்சில் காரம் மிக அதிகம், உள்ளே தண்ணீரும் இருக்கும். அது வெளியேறும்போது உப்பு பூக்கும், நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும், பெயிண்ட் பொரியும். பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு, மொத்தம் 28 நாளாவது போன பிறகே பெயிண்டைப் பற்றிப் பேச வேண்டும். போடிச் சாரல் காலமாக இருந்தால் இன்னும் தள்ளுங்கள். விசேஷத்துக்கு வெள்ளை சிமென்ட் அடித்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் பார்த்து, விரிசல் எங்கே விடுகிறது என்று தெரிந்தபின் நல்ல பெயிண்டுக்குப் போங்கள். அடர்ந்த ஆரஞ்சு, கிளிப்பச்சை ஆசை இருந்தால் உள்பக்கம் ஒரு சுவரோடு நிறுத்துங்கள். வெயிலில் சீக்கிரம் வெளுப்பவை அந்த நிறங்கள்தான். காவி, மண் மஞ்சள் போன்றவை நின்று பிடிக்கும்.

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர். வருஷா வருஷம் வெள்ளையடிப்பதற்குப் பதில் ஒரேயடியாக விலை கூடிய எமல்ஷன் அடிக்க நினைக்கிறேன்.
– ஒரு வாசகர், ஆண்டிபட்டி

பதில்: உள்ளதிலேயே மலிவானதுதான் உங்கள் சுவருக்கு உயர்ந்தது. சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் வழியாக வெளியே விட்டுவிடும். எமல்ஷன் படலம் அதைத் தடுக்கும். அடியில் ஈரம் தேங்கி, பூச்சோடு சேர்ந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். பல வருஷம் அடித்த வெள்ளையின்மீது எமல்ஷன் ஒட்டவும் ஒட்டாது. நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, சில நாள் ஊறவிட்டு, வடிகட்டி, கொஞ்சம் பசையும் நீலமும் கலந்து அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் எளிதில் வராது.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறான். கம்பியில் இருப்பது பழைய எனாமல். புதிதாக அடிக்க விலை குறைந்த எனாமல் வாங்கலாமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: வாங்கலாம், டப்பாவைப் பார்த்து. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அந்த வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். இல்லாத டப்பாவை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். உங்கள் கவலை பழைய எனாமலைப் பற்றி இருக்கட்டும். அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசு வீடு முழுக்கப் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, கீழே பழைய தாள் விரித்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடிந்து வாடை போகும்வரை பேரனை அவன் அம்மாச்சி வீட்டில் விட்டு வையுங்கள். இத்தனை நாள் கடித்திருப்பதால் குழந்தை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.