எதை மறுக்கிறது என்று பார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். சுட்டுப்பெயர், கேள்வி, எதிர்மறை என்று தமிழில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு மோனாட் எழுதி வைத்திருக்கிறாய். ஹாஸ்கெல் நிரல்மொழி உன் கைக்கு நன்றாகப் பழகிவிட்டது, சந்தோஷம். ஆனால் மோனாட் மிகவும் விசாலமானது. எதை வேண்டுமானாலும் அதற்குள் எழுதிவிடலாம். அப்படிப்பட்ட ஒன்றில் தமிழும் அடங்குகிறது என்று காட்டினால் தமிழைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரிந்துவிடும்? நீ எடுத்து வரும் கருவி, இந்த வாக்கியத்துக்கு இந்தப் பொருள் வரவே வராது என்று அடித்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தமிழ் பேசுகிறவர்களிடம் போய்க் கேட்க உன்னிடம் ஏதாவது இருக்கும்.

கடன் வாங்கத் தயங்காதே. தர்க்கவியலாளர் சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா கால்குலஸைக் கொண்டுதான் ரிச்சர்ட் மாண்டேக் ஆங்கில வாக்கியங்களின் பொருளை எழுதினார். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நிரல்மொழிக்காரர்கள் இன்று ஓயாமல் சொல்லும் ‘ரெஃபரென்ஷியல் டிரான்ஸ்பரன்ஸி’, மொழியை ஆராய்ந்த தத்துவவாதி குவைனிடமிருந்து ஸ்ட்ரேச்சி 1967இல் எடுத்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த கடன் கன்டினியுவேஷன். ‘கமலா ஒவ்வொரு மாணவியையும் பாராட்டினாள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள். பாராட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ‘ஒவ்வொரு மாணவி’ என்பது ஆள் இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது? ஃபிலிப் த க்ரூட் 2001இலும் கிறிஸ் பார்க்கர் 2002இலும் சொன்ன விடை: அந்தத் தொடர் தன்னைச் சுற்றியுள்ள மிச்ச வாக்கியத்தை, ‘கமலா இன்னாரைப் பாராட்டினாள்’ என்பதை, அப்படியே உள்ளீடாக வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மாணவிக்கும் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்கிறது. அந்த மிச்சம்தான் கன்டினியுவேஷன். டான்வியும் ஃபிலின்ஸ்கியும் 1990இல் எழுதிய ஷிஃப்ட் என்ற நிரல் கட்டளை செய்கிற வேலையும் இதுதான். அதன் ஜோடியான ரீசெட், மிச்சம் எதுவரை என்று எல்லை கட்டும்.

இதோடு நின்றிருந்தால் அழகான குறியீடு என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். ஷானும் பார்க்கரும் 2006இல் ஒரு படி மேலே போனார்கள்: வாக்கியம் இடமிருந்து வலமாக மதிப்பிடப்படுகிறது என்று வை, எந்தச் சுட்டுப்பெயர் எதோடு கட்டுப்படாது என்பது தானாக வந்து விழும் என்றார்கள். ஸ்கீம் நிரல்மொழியில் ஆர்க்யுமென்ட்களை எந்த வரிசையில் மதிப்பிட வேண்டும் என்று விதியே கிடையாது. மனிதர் பேச்சோ காலத்தில் ஓடுகிறது. முதலில் சொன்னது முதலில் காதில் விழுகிறது. இந்தக் கருதுகோளைச் சோதிக்கத் தமிழைவிடத் தோதான மொழி கிடைப்பது அரிது. நாம் சொற்களை முன்பின் மாற்றினாலும் ‘ஐ’ உருபு போதும், யார் யாரை என்பது குழம்பாது.

பள்ளி வாசலை நினைத்துக்கொள். ‘ஒவ்வொரு மாணவியையும் அவளுடைய அம்மா கூட்டிப் போனார்.’ அவரவர் அம்மா. ‘அவளுடைய அம்மா ஒவ்வொரு மாணவியையும் கூட்டிப் போனார்.’ என் காதுக்கு இங்கே ஒரே அம்மாதான், வேறு யாரோ ஒருத்தியின் அம்மா. வரிசைதான் காரணமா, அல்லது முன்னே வந்த தொடர் வாக்கிய அமைப்பில் உயரத்தில் இருப்பதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்கு ‘ஒவ்வொரு மாணவியின் பையையும் அவளுடைய அம்மா சுமந்து வந்தார்’ என்பதைப் பார். இங்கே அளவுச்சொல் ‘பை’க்குள் அடங்கிக் கிடக்கிறது, உயரத்தில் இல்லை, ஆனாலும் அவரவர் அம்மா.

அடுத்தது எல்லை. ‘ஒவ்வொரு மாணவியும் தேறிவிட்டதாக ஓர் ஆசிரியர் சொன்னார்.’ வரிசை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால் மாணவிக்கு ஓர் ஆசிரியர் என்ற பொருள் எளிதாக வர வேண்டும். எனக்கு வரவில்லை, ஒரே ஆசிரியர்தான் சொல்கிறார். ‘தேறிவிட்டதாக’ என்ற இடத்தில் ஒரு ரீசெட் நின்று, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் தடுக்கிறது என்று தோன்றுகிறது. உள்வாக்கியத்தை இப்படி முன்னால் கொண்டுவந்து சொல்வது நமக்கு அன்றாடப் பேச்சு. அதனால்தான் வரிசையின் வேலையையும் எல்லையின் வேலையையும் இங்கே தனித்தனியாகப் பார்க்க முடிகிறது.

இவையெல்லாம் என் காது சொல்வது. அதை நம்பி அத்தியாயம் எழுதிவிடாதே. ஸ்கீமில் சந்தேகம் வந்தால் வரையறை அறிக்கையைத் திறந்து பார்க்கலாம். தமிழுக்கு அப்படி ஓர் அறிக்கை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. கோட்பாடு தெரிந்த உன் காதும் நாளடைவில் கோட்பாட்டுக்குச் சாதகமாகக் கேட்கத் தொடங்கும். ஆகவே மொழியியல் படிக்காதவர்களிடம் போ. இரண்டு படம் வரைந்துகொள்: ஒன்றில் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே அம்மா, மற்றதில் பிள்ளைக்கு ஓர் அம்மா. வாக்கியத்தை இயல்பாகப் படித்துக் காட்டிவிட்டு, அது எந்தப் படத்துக்குப் பொருந்தும், இரண்டுக்குமா என்று மட்டும் கேள். ‘ஒவ்வொரு’ என்பதை அழுத்திப் படித்தால் விடை மாறக்கூடும். குரலைப் பதிவு செய்து எல்லாருக்கும் அதையே போடு. ஷான் 2005இல் ஹார்வர்டில் சமர்ப்பித்த ஆய்வேட்டையும் இடையில் படித்துவிடு. மோனாட் அத்தியாயத்தை, விடைகள் கைக்கு வந்தபின் எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்