பாற்புட்டி விஷயமாக மைதிலிக்கு

  

நவராத்திரிக்கு நீங்கள் வந்து போனது முதல் ஒரு கவலை என் மனத்தை விட்டு அகலவில்லை. நேரிலேயே சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளை எதிரில் பேசினால் உன்னைக் குறை கூறுவதாக அவர் எண்ணிவிடக்கூடுமே என்று தயங்கி, நீங்கள் ரயில் ஏறும்வரை வாய் திறவாதிருந்தேன். சிரஞ்சீவி ரகுவுக்கு இரண்டு வயது பூர்த்தியாகி மூன்று மாதமாகிறது. பகலில் மூன்று புட்டி, படுக்கையில் ஒரு புட்டி என்று அவன் இன்னும் பாலிலேயே ஜீவிக்கிறான். பெரியம்மா நெய் விட்டுப் பிசைந்து கொடுத்த பருப்புச் சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கீழிமையை இறக்கிப் பார்த்தேன்; வெளுத்திருந்தது. மேல் முன்பற்களின் ஈறோரத்தில் பழுப்பாக ஒரு கோடும் தெரிந்தது.

“ஸ்கூலில் சேர்த்தால் தானாக விட்டுவிடுவான், பெரியப்பா” என்று நான் கேளாமலேயே சொன்னாய். விடலாம். அதுவரை நடப்பதென்ன என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார், அம்மா. 250 மில்லி கொள்ளும் புட்டி நான்கென்றால் ஒரு லிட்டர் பால். அந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவை; ஒரு லிட்டர் பசும்பாலே 600 கலோரிக்குக் குறையாமல் கொடுத்துவிடுகிறது. பிறகு சாதத்துக்கு வயிற்றில் இடமேது? “சாப்பிடவே மாட்டேனென்கிறான், பாலாவது குடிக்கட்டும்” என்று நீ கொடுக்கிறாய். பால் குடித்ததனாலேயே அவன் சாப்பிடாமலிருக்கிறான். அவனுக்குத் தினமும் ஏழெட்டு மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும்; ஒரு லிட்டர் பாலிலோ ஒரு மில்லிகிராம்கூட இல்லை, அன்றியும் மற்ற ஆகாரத்திலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் பாலிலுள்ள கால்ஷியம் தடுக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்த சோகை என்று கண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நம் ரகுவும் ஒருவனோ என்ற எண்ணம்தான் இரவில் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பற்களின் விஷயம் இதனினும் வெளிப்படை. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். வாயில் தேங்கிய பாலின் சர்க்கரையைக் கிருமிகள் இரவு முழுவதும் அமிலமாக்கிக்கொண்டிருக்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. மேல் முன்பற்களுக்கு அந்த ரக்ஷணை இல்லை. ஆகையால்தான் புட்டிப் பிள்ளைகளுக்கு அவையே முதலில் சொத்தையாகின்றன.

புட்டியென்றாலே எனக்கு ஏன் இத்தனை துவேஷம் என்று உன் அப்பா கேட்பான். உன் அத்தை ராஜத்தின் பிரசவ காலத்தில் அவன் சிறு பையன், அவனுக்கு ஞாபகமிராது. பெயர் வேண்டாம், ஒரு நர்ஸிங் ஹோம். டையும் தோற்பெட்டியுமாக வந்த ஒரு பால்மாவுக் கம்பெனிக்காரன், பிரசவித்து மூன்றாம் நாள், அவள் கட்டிலருகில் ஒரு டின்னையும் புட்டியையும் இனாமாக வைத்துவிட்டுப் போனான். டின்னின்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இனாம் டின் தீர்வதற்குள் குழந்தை மார்பை மறந்தது, பாலும் வற்றிற்று. அதன்பின் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கினோம். அந்தக் கோடையில் குழந்தை சபேசனுக்கு வந்த வயிற்றுப்போக்கும் அவன் அம்மா பட்ட பாடும் உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரப்பர் முனையின் இடுக்கில் புளித்த பாலே காரணம் என்று வைத்தியர் சொன்ன பிறகும், அந்தக் கம்பெனியைக் கேட்பாரில்லை.

இது நம் வீட்டுத் துர்ப்பாக்கியம் மட்டுமன்று. 1939ஆம் வருஷத்திலேயே, ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மாள் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், “பாலும் கொலையும்” என்ற தலைப்பிட்டே பேசினார். டின் பாலை விளம்பரம் செய்து தாய்மாரை ஏமாற்றியதால் நேர்ந்த சிசு மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்பது அவர் வாதம். உலக சுகாதார சபை அத்தகைய விற்பனைக்கு விதிகள் வகுத்தது 1981இல். நம் பார்லிமெண்டு சட்டம் செய்தது 1992இல். இனாம் டின் கொடுப்பதையும், டின்னின்மேல் குழந்தைப் படம் போடுவதையும் தடுத்த அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே பால்மாவோடு புட்டியும் இடம் பெற்றிருப்பதைக் கவனி; புட்டியை நிரபராதியென்று சட்டமும் விட்டுவிடவில்லை. குறைமாதச் சிசுக்களுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் இன்றும் புட்டியால் அல்லாமல் பாலாடைச் சங்கால்தானே புகட்டுகிறார்கள்! உன் அம்மா வீட்டார் போட்ட வெள்ளிச் சங்கைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டுப் பிளாஸ்டிக் புட்டியை வாங்கியபோதே எனக்கு மனம் சங்கடப்பட்டது. போகட்டும், சங்குக்குரிய வயதை ரகு கடந்துவிட்டான், இனி ஒரு சிறு டம்ளர் போதும்.

முடிவு உன்னுடையது, தாய் நீ. இப்போதே தொடங்குவதா, பள்ளிக்கூடம் திறக்கட்டுமென்று காத்திருப்பதா என்பதை நீயும் மாப்பிள்ளையும் கலந்து யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாள் ஏற ஏறப் பழக்கம் இறுகுமேயன்றித் தளராது. பள்ளிக்கூடத்தின் முதல் வாரம் உன்னைப் பிரிந்து அவன் அழும் வாரம், அந்த வாரத்தில் புட்டியையும் பிடுங்குவது தர்மமாகுமா?

தொடங்குவதானால் மத்தியானப் புட்டியை முதலில் நிறுத்து. விளையாட்டுக் கவனத்தில் அதைத் தேடமாட்டான். சில நாள் கழித்துக் காலைப் புட்டி, பிறகு மாலைப் புட்டி. இராப் புட்டியைக் கடைசியாக வைத்துக்கொள். அதில் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டொரு வாரத்தில் வெறும் தண்ணீராகிவிடும். அதற்காக விழித்துக்கொள்ள அவனுக்கே சிரத்தை இராது. பாலை அறவே விலக்கச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல் டம்ளரில் கொடு. இராப் பாலை ஆகாரத்தோடு கொடுத்துப் பல் துலக்கிவிட்டால், பிறகு தண்ணீர் மட்டும். அவன் சிந்துவான், சிந்தட்டும். கேழ்வரகுக் கூழும், பாசிப்பருப்பும், எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரைச் சாதமும் பசித்த வயிற்றில் தானாக இறங்கும். ரப்பரில் வேப்பெண்ணெய் தடவுவதோ, காக்கை தூக்கிப் போய்விட்டதென்று பயமுறுத்துவதோ நம் வீட்டில் வேண்டாம். “நீ பெரிய பையன், அப்பாவைப் போல டம்ளரில் குடி” என்றால் அவனுக்குப் புரியும். ஜுரமோ ஜலதோஷமோ இருக்கும்போது தொடங்காதே. தொடங்குவதற்கு முன்பாகவே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடு. இரும்புச் சத்து மருந்து அவர் சொன்னால் மட்டும் கொடு.

இத்தனையும் எழுதிவிட்டேனே தவிர, ஆபீஸிலிருந்து களைத்து வந்து, சமைத்து, நள்ளிரவில் அவன் அழும்போதெல்லாம் எழுந்திருக்கிறவள் நீ என்பதை நான் அறியாதவனல்லன். உன்னைப்போலப் பொறுமையுள்ள பெண் நம் குடும்பத்தில் வேறொருத்தி இல்லையென்று நேற்றும் பெரியம்மாவிடம் சொன்னேன், அவளும் ஆமோதித்தாள். ரகு இவ்வளவு இனிய சுபாவத்தோடு வளர்வது முழுக்க முழுக்க உன்னால்தான். மேலே எழுதியவற்றில் ஏதேனும் மனத்தைத் தைத்தால் அந்தப் பகுதியைக் கிழித்துப் போட்டுவிடு, கண்ணே. கேழ்வரகு முளைகட்டி அரைத்த மாவு இரண்டு கிலோ பார்ஸலில் அனுப்பியிருக்கிறேன். இராப் புட்டியை நிறுத்தும் வாரத்தில் கூடமாட ஆள் வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல். பெரியம்மா இப்போதே பெட்டி கட்டத் தயாராக இருக்கிறாள். டாக்டர் சொன்னதை உடனே தெரிவி.

இப்படிக்கு,
உன் பெரியப்பா