கேட்கும் மண்டபம்: கம்பியில்லா செவிப்புலன் உதவிக் கருவிகளைப் பொருத்துவதும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும்

சில காலத்துக்கு முன் ஒரு நலன்புரிச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். மூன்றாவது வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் வர்த்தகர் ஒருவர் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் பெருந்தொகை செலவழித்து வாங்கிக் கொடுத்த செவிப்புலன் கருவி அவரது காதில் இருந்தது. மண்டபத்தில் நான்கு பெரிய ஒலிபெருக்கிகள் முழங்கின. தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "என்ன மகன் முடிவு? சத்தம் காது கிழியக் கேட்டிச்சு. பேச்சு ஒண்டும் வெளங்கல்ல."

மண்டபம் நடத்துவோரும் ஒலியமைப்புத் தொழில் செய்வோரும் இந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். அவருக்குக் குறைவாக இருந்தது சத்தம் அல்ல, தெளிவு. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டுவதால் இக்குறை தீராது. பெரும்பாலும் கூடவே செய்யும்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய உலக அறிக்கை, சுமார் 150 கோடி மக்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்டல் குறைபாடு இருப்பதாகக் கூறுகிறது. அவர்களில் 43 கோடிப் பேருக்கு அது அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில் உள்ளது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இந்நிலையில் உள்ளனர். ஒரு திருமண மண்டபத்தின் முன்வரிசையில் அமர்வோர் பெரும்பாலும் இந்த வயதினரே. மண்டபத்தைத் தெரிவு செய்வதிலும் பணம் செலுத்துவதிலும் பல குடும்பங்களில் கடைசிச் சொல் அவர்களுடையதே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செவிப்புலன் கருவி இருந்தும் ஏன் விளங்குவதில்லை?

காதில் அணியும் கருவி ஓரிரு மீற்றர் தூரத்தில் பேசுபவருக்கே நன்றாகப் பயன்படும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மண்டபத்துக்குள் இதனுடன் சுவர்களின் எதிரொலி, மின்விசிறி இரைச்சல், குழந்தைகளின் ஓசை, பாத்திரங்களின் சத்தம் எல்லாம் சேர்கின்றன. காதுக் கருவி இவை அனைத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

கம்பியில்லா உதவிக் கருவியின் தத்துவம் எளிமையானது. பேச்சாளரின் வாய்க்கு அருகே உள்ள ஒலிவாங்கியிலிருந்து குரலை எடுத்து, இடையில் உள்ள இரைச்சலைக் கடந்து, நேராகக் கேட்பவரின் காதில் சேர்ப்பதே அது. எனவே இத்தொகுதியின் முதல் உறுப்பு ஒலிவாங்கிதான். பேச்சாளர் அதை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால், எவ்வளவு விலையுயர்ந்த தொகுதியும் எதிரொலியையே காதுக்கு அனுப்பும்.

நான்கு வகைகள்

1. எப்.எம். வானொலி வகை: ட்ரான்ஸ்மிட்டர் ஒலியை வானொலி அலையாக அனுப்பும். கேட்பவர் கையில் உள்ள சிறிய ரிசீவர் அதைப் பெறும். பொருத்துவது இலகு, சுவரையும் திரையையும் தாண்டும், திறந்த வெளிக்கும் ஏற்றது. ஆனால் அதே அலைவரிசையில் ரிசீவர் வைத்திருக்கும் எவரும் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து ஒட்டுக் கேட்கலாம்.

2. இன்ஃப்ரா ரெட் வகை: தொலைக்காட்சி ரிமோட்டில் உள்ள அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி. சுவரைத் தாண்டாது. ஆகவே பணிப்பாளர் சபைக் கூட்டம், வழக்கு விசாரணை போன்ற அந்தரங்கமான இடங்களுக்குப் பொருந்தும். நேரடி வெயில் படும் இடத்தில் சரியாக இயங்காது. ரிசீவரைச் சட்டைப் பையில் போட்டாலும் ஒலி அறுந்துவிடும்.

3. லூப் வகை: நிலத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி பதித்து, விசேட அம்ப்ளிஃபயர் மூலம் காந்தப் புலத்தை உருவாக்குவது. பல செவிப்புலன் கருவிகளில் உள்ள 'டி' நிலை இதை நேரடியாகப் பெறும். தனி ரிசீவர் தேவையில்லை, எவரிடமும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதும் இல்லை. எனினும் கொங்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பிகள் புலத்தை வலுவிழக்கச் செய்யும். மின்கம்பிகளின் இரைச்சலும் உள்ளே வரலாம். ஐ.ஈ.சி. 60118-4 என்ற சர்வதேசத் தரம் இதற்கான புல வலுவை வரையறுக்கிறது. அளந்து பொருத்தத் தெரிந்தவரிடமே இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

4. டிஜிட்டல் வகை: வைஃபை மூலம் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் முறைகளும், 2022இல் அறிமுகமான ஆராகாஸ்ட் என்ற புளூடூத் ஒலிபரப்பு முறையும் இதில் அடங்கும். ஆராகாஸ்டைப் பெறக்கூடிய செவிப்புலன் கருவிகள் சந்தைக்கு வந்துள்ளன. ஆனால் பழைய கருவிகளால் அதைப் பெற முடியாது. வைஃபை முறையில் ஒலி சற்றுப் பிந்தி வந்தால் உதட்டசைவும் சொல்லும் ஒத்துப்போகாது. வாங்குமுன் இதனைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

எமது மண்டபங்களில் இன்னொரு விடயமும் உண்டு. பெண்கள் திரைக்குப் பின்னாலோ மேல்மாடியிலோ தனி அறையிலோ அமர்வது வழக்கம். இன்ஃப்ரா ரெட் தொகுதி வாங்குவோர் அப்பகுதிக்கு இன்னோர் ஒளிபரப்பும் பலகையைப் பொருத்தாவிட்டால் அங்குள்ள தாய்மாருக்கு எதுவும் கேட்காது. மண்டபத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வகையைத் தெரிவு செய்யுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அலைவரிசையைக் கவனியுங்கள். அமெரிக்காவில் இத்தகைய கருவிகளுக்கு 72 முதல் 76 வரையும், 216 முதல் 217 வரையுமான மெகாஹேர்ட்ஸ் பகுதிகள் பயன்படுகின்றன. ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்டது இன்னொரு நாட்டில் வேறு சேவைக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். இலங்கையில் வானொலிக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே பணம் கட்டுமுன் கருவியின் மாதிரி இலக்கத்தையும் அலைவரிசையையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவிடம் காட்டி விசாரித்துக் கொள்ளுங்கள். சுங்கத்தில் பொருள் தேங்கிய பின் ஓடித் திரிவதை விட இது மலிவானது.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். எமது மின்சாரம் 230 வோல்ட். அடெப்டரில் 100 முதல் 240 வரை என எழுதப்பட்டிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் அதை நேரடியாகச் செருக வேண்டாம்.

எத்தனை ரிசீவர் தேவை? அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரத்தை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். 500 ஆசனங்கள் வரையான மண்டபங்களுக்குக் குறைந்தது 2 ரிசீவர்கள், 50க்கு மேற்பட்ட ஒவ்வொரு 25 ஆசனத்துக்கும் மேலும் 1 என்பது அதன் கணக்கு. 300 ஆசன மண்டபமாயின் 12 வேண்டும். அவற்றில் நாலில் ஒரு பங்கு, அதாவது 3, 'டி' நிலை உள்ள செவிப்புலன் கருவியுடன் இணைந்து இயங்கும் கழுத்து வளையத்துடன் இருக்க வேண்டும்.

இனி வாடகைக் கணக்கு. ஒரு தொகுதி வாங்க 4 இலட்சம் ரூபா முடிகிறது என்றும், அது 4 வருடம் உழைக்கிறது என்றும், வருடத்துக்கு 50 நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன என்றும் வைத்துக் கொள்வோம். 200 நிகழ்ச்சிகளுக்குப் பிரித்தால் ஒரு நிகழ்ச்சிக்கு 2,000 ரூபா. இதனுடன் காது உறை, பற்றரி, பணியாளர் கூலி, காணாமற் போகும் ரிசீவர்கள் ஆகியவற்றைச் சேர்த்தே கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டும். கருவியின் விலையை மட்டும் பார்த்துத் தொழில் தொடங்குவோர் இரண்டாம் வருடத்தில் திண்டாடுவது இதனால்தான்.

பொருத்தும் முறை

ட்ரான்ஸ்மிட்டருக்கான ஒலியை மிக்சரின் தனியான துணை வெளியீட்டிலிருந்து எடுங்கள். மண்டபத்தின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும்போது காதில் கேட்கும் ஒலி மாறாதிருக்க இதுவே வழி. அம்ப்ளிஃபயரிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை ட்ரான்ஸ்மிட்டரில் ஒருபோதும் செருகாதீர்கள், கருவி எரிந்துவிடலாம்.

அன்டெனாவை இரும்பு அலுமாரி, தகரச் சுவர் ஆகியவற்றிலிருந்து விலக்கி உயரத்தில் வையுங்கள். பக்கத்து மண்டபத்திலும் இதே தொகுதி இருந்தால் வேறு அலைவரிசையைத் தெரிவு செய்யுங்கள். கேள்வி கேட்போருக்கும் ஓர் ஒலிவாங்கி கொடுங்கள். அது இல்லையேல் ரிசீவர் அணிந்தவருக்குப் பதில் மட்டுமே கேட்கும், கேள்வி கேட்காது. தீ போன்ற அவசர அறிவித்தல்களும் இத்தொகுதியின் ஊடாகச் செல்ல வேண்டும். ஹெட்போன் அணிந்தவருக்கு வெளிச் சத்தம் குறைவாகவே கேட்கும் என்பதை நினைவிற் கொள்க.

இறுதியாக, ஒரு ரிசீவரை அணிந்து மண்டபம் முழுவதும் நடந்து பாருங்கள். மூலைகள், தூண்களின் பின்புறம், பெண்கள் பகுதி எதையும் விட வேண்டாம். ஒலி அறும் இடத்தில் ஆசனம் போடாதீர்கள்.

பயன்படுத்துவோரின் பாதுகாப்பு

இக்கருவிகள் உரத்த ஒலியை எழுப்ப வல்லவை. மேற்சொன்ன அமெரிக்கத் தரம் 118 டெசிபலை உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கைக்கருவிகளில் பாதுகாப்பாகக் கேட்பதற்குக் கூறும் அளவோ, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். எனவே ரிசீவரைக் கொடுக்குமுன் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்து, அணிந்த பின் மெதுவாகக் கூட்டச் சொல்லுங்கள். எஞ்சியிருக்கும் கேள்திறனையும் கெடுத்துவிடக் கூடாது. குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம்.

கழுத்து வளையம் காந்தப் புலத்தை உண்டாக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தமது வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே அதை அணிய வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைப்பது நல்லது.

காதில் படும் பாகங்களை ஒவ்வொருவருக்கும் பின் துடைத்து, உறையை மாற்றுங்கள். காதில் சீழ் வடியும் ஒருவர் பயன்படுத்திய உறை அடுத்தவரிடம் போகக் கூடாது. திரவத்தைக் கருவி மீது நேரடியாகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

சார்ஜ் செய்யும் பெட்டியில் சாதாரண அல்கலைன் பற்றரிகளைப் போட்டால் அவை கசிந்து வெடிக்கக் கூடும். மீள் சார்ஜ் செய்பவற்றுக்கு நிறம் தீட்டி வேறாக வையுங்கள். வீங்கிய பற்றரியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். செவிப்புலன் கருவியின் சிறிய பொத்தான் பற்றரிகளைப் பிள்ளைகள் விழுங்கிவிடாமல் கவனம் தேவை.

பேச்சாளர் சட்டையில் குத்தும் ஒலிவாங்கியுடன் வெளியே சென்றால் அவரது தனிப்பட்ட பேச்சும் எல்லோர் காதிலும் விழும். மேடையை விட்டு இறங்கியதும் அதை அணைப்பது ஒரு பணியாளரின் பொறுப்பாக இருக்கட்டும்.

சேவை எங்கே தோற்கிறது?

பல இடங்களில் கருவி இருக்கிறது, ஆனால் அலுமாரிக்குள் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் அன்று வரவில்லை, பற்றரி இறங்கிவிட்டது, இப்படி ஒன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. ஆகவே பொறுப்பான ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். வாசலில் காதின் குறுக்கே கோடிட்ட சர்வதேச அடையாளத்தை மாட்டுங்கள். அழைப்பிதழில் ஒரு வரி சேருங்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் அறிவியுங்கள்.

கொடுக்கும் முறையும் முக்கியமானது. "யாருக்குக் காது கேட்காது?" என்று சபையில் கேட்டால் எவரும் கை உயர்த்தமாட்டார். ஈடாக அடையாள அட்டையைப் பறித்து வைப்பதும் பெரியவர்களைக் கூசச் செய்யும். பெயரையும் ஆசன இலக்கத்தையும் குறித்துக் கொண்டு கொடுங்கள். முடிவில் பணியாளரே சென்று சேகரிக்கட்டும்.

பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டிடங்களைப் பயன்படுத்துவதில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. சாய்தளம் அமைப்பது பற்றி இப்போது பேசுகிறோம். படியில் ஏற முடியாதவரை எல்லோரும் காண்கிறார்கள். கேட்காதவரோ தலையசைத்துக் கொண்டு அமைதியாக இருந்துவிடுகிறார். அவருடைய வாக்கும் கையொப்பமும் கேட்காத பேச்சின் மீதே இடப்படுகின்றன.

பெரிய தொகுதிக்கு வசதியில்லாதோர் 2 ரிசீவர்களுடன் ஒரு சிறு தொகுதியை வாடகைக்கு எடுத்து, அடுத்த கூட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். கூட்டம் முடிந்ததும் அணிந்தவரிடம் என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் உங்கள் தொகுதி வேலை செய்கிறது.