தேன் எடுத்த பிறகு பெட்டியைப் பாருங்கள்: தேனீ உண்ணி பற்றி ஒரு பாடம்



சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையின் ஸதகா நிதியிலிருந்து சில குடும்பங்களுக்குத் தேனீப் பெட்டிகள் கொடுத்தோம். கணவரை இழந்த சகோதரிகளுக்கும், மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்த வீடுகளுக்கும் ஒரு சிறு வருமானம் கிடைக்கட்டும் என்பதே எண்ணம். கொத்தமல்லி பூத்தபோது ஒரு தடவையும், வேம்பும் முருங்கையும் பூத்தபோது ஒரு தடவையும் தேன் எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆடி பிறப்பதற்குள் பல பெட்டிகள் காலியாகிவிட்டன.

திருச்சுழிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் வைகாசியிலேயே நம்மிடம் சொன்னார்: "அண்ணே, பூச்சி இருக்கு, ஆனா பறக்க மாட்டேங்குது. றெக்கை சுருங்கிப்போய் வாசல்லயே ஊர்ந்துக்கிட்டு கிடக்கு." வெயில் கொடுமை என்று நாம் சமாதானம் சொல்லி அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அவர் காலிப் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்கே கொண்டு வந்தார். "இது அமானத்து. கேட்டவங்களுக்கு வித்திருக்கலாம், மனசு வரலை" என்றார்.

அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. பெட்டி கொடுத்த நாம் பாடம் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை. பெட்டி வைத்திருப்பவர்கள் இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி என்பது என்ன?

அந்தச் சகோதரி பார்த்த சுருங்கிய இறக்கைக்குக் காரணம் வெயில் அல்ல, வரோவா என்ற உண்ணி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்ணி பிடிப்பது நமக்குத் தெரியும். தேனீயைப் பிடிப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள, செம்பழுப்பு நிறத்தில், நண்டு ஓடு போலத் தட்டையான பூச்சி. கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

தேனீப் புழு இருக்கும் அறையை மெழுகு மூடி போட்டு அடைப்பதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைந்துவிடும். மூடிய அறைக்குள் முட்டையிட்டு, குட்டிகளோடு சேர்ந்து கூட்டுப்புழுவை உறிஞ்சும். உண்ணி தின்பது தேனீயின் இரத்தத்தை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அது முக்கியமாகத் தின்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. சத்தைச் சேமிப்பதும் நோயை எதிர்ப்பதும் அந்தத் திசுதான். போதாததற்கு, இறக்கையைச் சுருக்கும் வைரஸையும் உண்ணி பரப்புகிறது.

உங்களிடம் இருப்பது எந்தத் தேனீ?

மருந்து பற்றிப் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறிய பெட்டியில் வளரும் நம் நாட்டுத் தேனீ ஒன்று. பத்துச் சட்டங்கள் கொண்ட பெரிய பெட்டியில் வளரும் இத்தாலியத் தேனீ மற்றொன்று.

வரோவா உண்ணி ஆதியில் நாட்டுத் தேனீயின் மேல் வாழ்ந்ததுதான். 1904-இல் ஜாவா தீவில் இந்தத் தேனீயின் மேல்தான் வரோவா இனம் முதலில் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததால் நாட்டுத் தேனீ அதைச் சமாளிக்கக் கற்றிருக்கிறது. ஒன்றன் உடம்பை ஒன்று துழாவி உண்ணியைக் கடித்துத் தள்ளும். உண்ணி பிடித்த புழுவை அறையிலிருந்து இழுத்து வெளியே போடும். உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறையில் மட்டுமே பெருகும். ஆகவே நாட்டுத் தேனீ வைத்திருப்பவர்கள் உண்ணிக்கென்று மருந்து போடத் தேவையில்லை. பெட்டியைச் சுத்தமாக வைத்தால் போதும்.

இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் குறைவு. மேற்கிலிருந்து கிழக்கே கொண்டுவரப்பட்ட பிறகே அது இந்த உண்ணியைச் சந்தித்தது. இந்தியாவில் அதை 1960-களின் தொடக்கத்தில் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் வளர்த்து நிலைப்படுத்தினார்கள். அதன் பணித் தேனீ அறைகளிலும் உண்ணி தாராளமாகப் பெருகும். கவனிக்காமல் விட்டால் கூட்டமே அழியும். நாம் சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து வாங்கிக் கொடுத்தவை இத்தாலியத் தேனீக்களே.

மார்த்தாண்டம் தரும் படிப்பினை

நாட்டுத் தேனீக்கு நோயே வராது என்றும் எண்ண வேண்டாம். நம் மாநிலத்தில் தேனுக்குப் பெயர்போன ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். நூறாண்டுகளுக்கு முன் அங்கே இயங்கிய கிராம முன்னேற்ற மையம் ஏழைக் குடும்பங்களுக்குப் பெட்டி கொடுத்ததோடு நிற்காமல் பயிற்சியும் கொடுத்தது. அதனால் ரப்பர் தோட்டங்களை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகள் தேனால் பிழைத்தன. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, கேரளத்திலும் குமரியிலும் கர்நாடகத்திலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதற்கு மருந்து இல்லை. தப்பிப் பிழைத்த வலுவான கூட்டங்களிலிருந்து பொறுமையாகப் பெருக்கித்தான் அந்தத் தொழிலை மீட்டார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, பயிற்சி இல்லாத பெட்டி நிலைக்காது. இரண்டு, நோய் பெரும்பாலும் விலைக்கு வாங்கிய கூட்டத்தோடுதான் ஊருக்குள் வரும். புதிதாக வாங்கியதைப் பழைய பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காமல் சில வாரம் தள்ளி வைத்துக் கவனியுங்கள்.

ஏன் தேன் எடுத்த பிறகு?

முதல் காரணம், தேன் அறை பெட்டியின் மேல் இருக்கும்போது மருந்து போட்டால் அது தேனில் கலக்கும். நோயாளிக்கும் பிள்ளைக்கும் மருந்தாகக் கொடுக்கும் பொருள் அது. திருக்குர்ஆனின் 16-வது அத்தியாயத்துக்கே தேனீயின் பெயர். அதில் நிவாரணம் என்று சொல்லப்பட்ட பொருளில் நாம் நஞ்சைக் கலந்து விற்கலாமா?

இரண்டாவது காரணம் கணக்கு. வளரும் பருவத்தில் உண்ணி ஏறக்குறைய மாதம் ஒருமுறை இரட்டிப்பாகும். மாசியில் ஒரு பெட்டியில் 100 உண்ணி என்று வைத்துக்கொள்வோம். பங்குனியில் 200, சித்திரையில் 400, வைகாசியில் 800 ஆகும். தேனீயோ, பூ இருக்கும் சித்திரை வரை 25,000 இருந்தால், பூ முடிந்து காற்றுக் காலம் தொடங்கும்போது 12,000 ஆகக் குறையும். சித்திரையில் நூறு தேனீக்கு ஒன்றரை உண்ணி இருந்தது, வைகாசியில் ஆறரைக்கு மேல் போய்விடும். தேன் நன்றாகக் கிடைத்த பெட்டிதான் முதலில் விழுந்தது என்று பலரும் நம்மிடம் ஆச்சரியப்பட்டார்கள். தேனீ நிறைய இருந்ததால் புழுவும் நிறைய இருந்தது, உண்ணியும் நிறையப் பெருகியது.

மூன்றாவது காரணம் நம் கரிசல் பூமிக்கே உரியது. கோடையில் பூ குறையும்போது இராணி முட்டையிடுவது குறையும். மூடிய புழு அறைகள் குறைந்தால் உண்ணி ஒளிய இடமின்றித் தேனீ உடம்பில் வெளியே இருக்கும். மருந்து அப்போதுதான் நன்றாக எட்டும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எண்ணாமல் மருந்து போடக் கூடாது. இதற்குப் பொடித்த சீனி போதும்.

1. வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்றின் மூடியை வெட்டி, கொசுவலையை விடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள கம்பி வலை பொருத்துங்கள்.

2. புழு உள்ள அடை ஒன்றை எடுங்கள். அதில் இராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. அரை டம்ளர் அளவு தேனீயைப் பாட்டிலில் தட்டி இறக்குங்கள். ஏறக்குறைய 300 இருக்கும்.

4. இரண்டு மேசைக்கரண்டி சீனிப் பொடியை வலை வழியாகப் போட்டு, பாட்டிலை மெதுவாக உருட்டி, இரண்டு நிமிடம் நிழலில் வையுங்கள்.

5. பாட்டிலைக் கவிழ்த்து வெள்ளைத் தட்டில் நன்றாகக் குலுக்குங்கள். சீனியோடு உண்ணிகள் விழும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சீனி கரைந்து உண்ணி மட்டும் தெரியும்.

6. தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவை சாகாது.

300 தேனீக்கு 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3. அந்த அளவை எட்டினால் சிகிச்சை தேவை. ஒன்றிரண்டுதான் என்றால் மருந்து வேண்டாம், அடுத்த மாதம் மறுபடி எண்ணுங்கள்.

சிகிச்சை

மருந்தில்லாத வழி: உண்ணிக்கு ஆண் தேனீ அறை என்றால் தனி விருப்பம். பூக்காலத்திலேயே ஒரு வெற்றுச் சட்டத்தைப் புழு அறையில் வையுங்கள். தேனீக்கள் அதில் பெரும்பாலும் ஆண் அறைகளைக் கட்டும். மூடி போட்டதும், ஆண் தேனீ வெளிவருமுன், அந்த அடையை வெட்டிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். உள்ளே நுழைந்த உண்ணிகளும் அதோடு போய்விடும். நாளைத் தவறவிட்டால் நாமே உண்ணி வளர்த்தது போலாகும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆக்ஸாலிக் அமிலம்: தேன் அறையை எடுத்த பிறகு மட்டும். சம எடை சீனியும் தண்ணீரும் கலந்த பாகு ஒரு லிட்டருக்கு 35 கிராம் அமிலம். ஐந்து பெட்டிக்கு 200 மில்லி பாகும் 7 கிராம் அமிலமும் போதும். கண்ணளவு கூடாது, நகைக்கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். இளஞ்சூட்டுப் பாகில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால், தேனீ நிறைந்திருக்கும் ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் 5 மில்லி விடுங்கள். ஒரு பெட்டிக்கு 50 மில்லியைத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு தடவைதான். திரும்பத் திரும்ப விட்டால் தேனீக்கே கேடு. அதிகாலையில் செய்யுங்கள்.

இந்த அமிலம் மூடிய அறைக்குள் போகாது. புழு அதிகம் இருந்தால் இராணியை 24 நாள் சிறு கூண்டில் வைத்து, மூடிய அறைகள் எல்லாம் வெளிவந்த பின் மருந்து விடுவது பலன் தரும். இதைப் பழகியவர் துணையோடு செய்யுங்கள்.

ஃபார்மிக் அமிலம்: இதன் ஆவி மூடிய அறைக்குள்ளும் போகும் என்பதால் வட இந்தியாவில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி மிகுந்து இராணியும் புழுவும் சாகும். நம் ஊர் வைகாசிக்கு இது ஆகாது. மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் தொடவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பெட்டிக்குள் தெளிக்காதீர்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள். அடையின் மெழுகு பல மருந்துகளை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும், அடுத்த ஆண்டுத் தேனிலும் அது இறங்கும். அமிலம் கலக்கும்போது ரப்பர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சைக்குப் பிறகு

இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். பெட்டி வேப்பமர நிழலில் இருக்கட்டும். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர், கால்களுக்கு எறும்பேறாத தண்ணீர்க் கிண்ணம், பூ இல்லாத நாளில் சீனிப் பாகு அவசியம். சிகிச்சைக் காலத்தில் புழு அறையில் இருக்கும் தேன் தேனீக்கே உணவு. அதைப் பிழிந்து விற்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். வலை மூடிப் பாட்டில், சிரிஞ்சு, கையுறை, கண்ணாடி, தராசு அடங்கிய ஒரு பை நம் அலுவலகத்தில் இருக்கிறது. பெயர் எழுதி எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தாருங்கள்.

சென்ற ஆண்டு கூட்டத்தை இழந்த குடும்பங்களிடம் நாம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த இழப்பு நம் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்த சகோதரிக்கு இந்த ஐப்பசியில் புதிய கூட்டம் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இம்முறை நாட்டுத் தேனீ, எண்ணும் பாட்டிலோடும் பாடத்தோடும். மற்றவர்களுக்கும் முதலில் அவர் வீட்டு முற்றத்தில் பயிற்சி, பிறகுதான் பெட்டி. அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.