போன் யார் கையில் இருக்கிறது?

முன்பெல்லாம் வேலையைத் தொடங்குமுன் அறை ஜன்னலைச் சாத்திவிடுவேன். ரமணாசிரமத்து மயில்கள் அகவினால் எதிர்முனையில் இருக்கும் பிள்ளைக்குக் கவனம் சிதறும் என்று நினைத்தேன். இப்போது திறந்தே வைக்கிறேன். வாயே திறக்காத பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அது என்னா சத்தம் மேடம்?"

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் மாடி அறை. இங்கிருந்து தண்டராம்பட்டு, கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்கும், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களுக்கும் போன் வழியாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் மனநல ஆலோசனை தருகிறேன். இனி சொல்லப்போகும் சம்பவங்களில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பெண், பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தாள். "தனியா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, ஆட்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் அவள் குரலை மறுபடி கேட்டேன். நடுவில் போன அந்த நாட்களில் அவள் என்ன பாடுபட்டாள் என்பதை அவள் கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிராமத்தில் போன் பிள்ளையுடையது அல்ல, வீட்டுடையது. சாயங்காலமானால் அது அண்ணன் சட்டைப்பையில் போய்விடும். அதனால் முதல் இரண்டு அழைப்புகளைப் போனுக்கு உரியவருக்கே ஒதுக்குகிறேன். என்ன பேசுவோம், எவ்வளவு நேரம் ஆகும், எதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று விளக்குகிறேன். எதை மறைக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நான் புகார் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையிடமும் இதை மறைப்பதில்லை.

பிறகு பிள்ளையோடு ஒரு குறிச்சொல் பேசி வைப்போம். "தண்ணி வந்துடுச்சு மேடம்" என்றால் பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் உடனே கணக்குப் பாடத்துக்குத் தாவிவிடுவேன்.

அடுத்தது இடம். மலை ஊர் ஒன்றில் ஒரே ஒரு பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஊரே அங்கே நின்றுதான் பேசும். அங்கே ஒரு பையன் தன் பயத்தை எப்படிச் சொல்வான்? அங்கன்வாடி டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு மையத்தின் பின்வாசல் படியில் ஓரளவு சிக்னல் கிடைக்கிறது, சாவி அவரிடம். அன்றிலிருந்து எந்த ஊரில் வேலை தொடங்கினாலும் முதலில் தேடுவது இப்படி ஒரு ஆளைத்தான். அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர், சில சமயம் பெட்டிக்கடை அக்கா. பத்து நிமிடத்தில் அந்த வீட்டுக்கு நடந்து போகக்கூடிய ஒருவர் கிடைக்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

வீடியோ எல்லா நேரமும் கைகொடுக்காது. குரல் மட்டும் இருக்கும்போது எனக்குப் பெரிய துணை புளியங்கொட்டை. "வீட்ல இருக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோ. யாரு எங்க இருக்காங்களோ அங்க வை. வெச்சுட்டுச் சொல்லு" என்பேன். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, ஆயாவிடம் வளரும் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஆறு கொட்டைகளை எடுத்தான். வீட்டில் மொத்தம் ஐந்து பேர். ஆறாவது யார் என்று கேட்டேன். "செத்துப்போன பாப்பா" என்றான். அவன் தங்கை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் ராத்திரியில் அலறுவதற்குக் காத்து கருப்பு என்று இரண்டு முறை மந்திரித்திருந்தார்கள். அந்தப் பாப்பாவைப் பற்றி யாரும் அவனோடு பேசியிருக்கவில்லை.

மந்திரிப்பதை நான் தடுப்பதில்லை. தாயத்து கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்பேன். உடம்பு வெட்டி இழுத்தால், நினைவு தப்பினால், அது வலிப்பாக இருக்கலாம். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போனில் மௌனம் ஒரு சிக்கல். பிள்ளை யோசிக்கிறதா, லைன் போய்விட்டதா என்று தெரியாது. "நான் இங்கதான் இருக்கேன், மெதுவாச் சொல்லு" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். பக்கத்திலேயே ஆசிரமத்துப் பழைய ஹால் இருப்பது எனக்குப் பெரிய உதவி. அங்கே போய் உட்கார்ந்துதான் பேச்சில்லாத நேரத்துக்குப் பயப்படாமல் இருக்கக் கற்றேன். ரமணர் பதினாறு வயதில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரை வீட்டிலிருந்து கிளம்பி, 1896 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு வந்தவர். தேடி வந்து அழுத அவருடைய அம்மா அழகம்மாளைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். பின்னாளில் அவர் மகனோடு வந்து தங்கினார். 1922-இல் அவர் மறைந்து, அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இந்த ஆசிரமம் வளர்ந்தது. வீட்டை விட்டுப் போன பிள்ளைகளின் அம்மாக்களோடு பேசும் நாட்களில் அந்தச் சன்னதிப் பக்கம் ஒரு நடை போய்வருவேன்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊர் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அதன்பின் மேகம் கறுத்தாலே பல பிள்ளைகளுக்கு வயிறு வலித்தது. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். டார்ச் எங்கே இருக்கிறது, ராத்திரி மழை வலுத்தால் யார் வீட்டுக்குப் போவோம், யார் கையைப் பிடித்துக்கொள்வோம் என்று வீட்டோடு சேர்ந்து பேசி முடிவு செய்தோம். என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளை தூங்கியது.

பெரிய பிள்ளைகளிடம் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கிறேன். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. "ஆமா" என்றால் அடுத்த வேலை வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தை அப்புறப்படுத்துவது. அதை நான் செய்ய முடியாது. அந்தப் பத்து நிமிட ஆள் செய்வார். மருந்து தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை மனநல டாக்டரிடம் அனுப்புகிறேன். நான் தூங்கும் நேரத்துக்கு டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐப் பிள்ளையின் நோட்டில் எழுதவைக்கிறேன்.

பௌர்ணமிக்கு அழைப்பு எதுவும் வைப்பதில்லை. கிரிவலக் கூட்டத்தில் எங்கள் தெருவில் போன் சிக்னலை நம்ப முடியாது. பெங்களூர் அப்பாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நேரம். மூன்று போன்களை இணைத்து, ஆயா ஒரு முனை, அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை என்று பேசுவோம். அந்தப் பையனின் அப்பா அப்படி ஒரு ஞாயிறன்றுதான் பாப்பாவின் பெயரை அவனிடம் முதல்முறையாகச் சொன்னார்.

முடிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னும் நாலு வாரம், இன்னும் மூணு வாரம் என்று பையன் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினான். கடைசி அழைப்பில் ஆயா போனை வாங்கி, "இனிமே புள்ளகிட்ட யாரு பேசுவாங்க மேடம்?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து அங்கன்வாடி டீச்சரின் குரல் கேட்டது: "நான் பேசறேன் ஆயா. போனக் குடு, மணி ஆவுது."